காணாமற்போனவரின் வீடு: இந்தியாவிலும் இலங்கையிலும்

ஒருவரைக் காணவில்லை என்றதும் தேடல் வெளியே ஓடுகிறது. பேருந்து நிலையம், மருத்துவமனை, நண்பர் வீடு, ஆற்றங்கரை என்று குடும்பமும் அலையும், காவலரும் அலைவார்கள். அவர் கடைசியாகப் படுத்த பாயும், சார்ஜரோடு விட்டுப்போன கைபேசியும், பல்துலக்கியும், பாதி தீர்ந்த மாத்திரை அட்டையும் வீட்டிலேயே கிடக்கும். மறுநாள் உறவினர்கள் வந்து நிறைவார்கள். அறையைக் கூட்டுவார்கள், விரிப்பைத் துவைப்பார்கள், குப்பை வண்டி குப்பையை அள்ளிச் செல்லும். ஒரு வாரம் கழித்து ‘இது குற்றமாக இருக்குமோ’ என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றும்போது அந்த வீடு சொல்லக்கூடியதில் பெரும்பகுதி அழிந்திருக்கும்.

இந்தியாவும் இலங்கையும் இந்த விஷயத்தில் ஒரே சட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிரிட்டிஷ் இந்தியாவின் 1872 சாட்சியச் சட்டத்தை அடியொற்றியே 1895இல் இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம் எழுதப்பட்டது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது இரண்டிலும் 25ஆம் பிரிவு. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும் என்பது இரண்டிலும் 27ஆம் பிரிவு. இந்தியா 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்களுக்கு மாறியது. இலங்கை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் நிற்கிறது. வேர் ஒன்றாக இருந்தும், காணாமற்போனவரின் வீட்டுக்குள் நுழையும் விதத்தில் இரண்டும் வெவ்வேறு பலங்களையும் வெவ்வேறு ஓட்டைகளையும் வளர்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு: ‘குற்றம்’ என்ற சொல் கோப்பில் ஏறும்வரை அந்த வீட்டைத் தடயமாகப் பார்ப்பதில்லை. அதை மாற்ற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

புகார் எழுதும் மேசையில்

தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவரைக் காணவில்லை என்று போனால் முதலில் மனு ரசீது கிடைக்கும், அல்லது ‘ஆள் காணவில்லை’ என்ற தலைப்பில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். கேரளத்தில் 2011ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டம் 57ஆம் பிரிவில் காணாமற்போனவரைத் தேடுவதையே காவலரின் கடமையாக எழுதிவைத்திருக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் ‘பச்பன் பச்சாவோ ஆந்தோலன்’ வழக்கில் தெளிவாகச் சொன்னது: காணாமற்போன குழந்தையைப் பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும், மாறாகத் தெரியவரும்வரை கடத்தல் என்றே கருத வேண்டும்.

இலங்கையில் முறைப்பாடு பொலிஸ் நிலையத்தின் தகவல் புத்தகத்தில் பதிவாகும். சந்தேகம் வலுத்தால் பொலிஸார் ‘பீ அறிக்கை’ எனப்படும் விசாரணை அறிக்கையை நீதவானிடம் தாக்கல் செய்வார்கள். அதன் பிறகு தொலைபேசி அழைப்பு விவரம், வங்கிக் கணக்கு, பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டிய பொருள் ஆகியவற்றுக்கான கட்டளைகள் நீதிமன்றத்திலிருந்து வரும். இந்தியாவில் அழைப்பு விவரத்தைக் காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியே கேட்டுப் பெறலாம். குற்றவியல் நடுவர் விசாரணையின் அன்றாடத்தில் அவ்வளவாகத் தலையிடுவதில்லை. இந்திய முறையில் வேகம் அதிகம். இலங்கை முறையில், கோப்பைத் திறந்து பார்க்கும் இன்னொரு கண் தொடக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டு நாட்டு மேசைகளிலும் ஒரே பதிலைக் கேட்டு வந்தவர்கள் ஏராளம். “யாரோடயாவது போயிருப்பா, ரெண்டு நாள் பாருங்க.” காணாமற்போனது பெண்ணாக இருந்தால் இந்த வாக்கியம் இன்னும் சீக்கிரம் வரும். 2015 மே மாதம் இலங்கையின் புங்குடுதீவில் பள்ளிக்குப் போன ஒரு மாணவி வீடு திரும்பவில்லை. முறைப்பாடு செய்யப் போன குடும்பத்துக்கு உடனடி உதவி கிடைக்கவில்லை என்ற கோபம், மறுநாள் அவருடைய உடல் கிடைத்தபோது வடக்கு முழுவதும் போராட்டமாக வெடித்தது. 24 மணி நேரம் காத்திருந்த பிறகே புகார் எடுக்க வேண்டும் என்று இரு நாட்டுச் சட்டத்திலும் இல்லை. அது மேசையில் பிறந்த வழக்கம். அந்த வழக்கம் வீட்டிலிருக்கும் தடயங்களுக்கு முதல் எதிரி.

முதலில் ஆளைத் தேட வேண்டிய இடம்

காணாமற்போனவரின் வீட்டுக்குப் போகும் காவலருக்கு முதல் வேலை தடயம் எடுப்பது அல்ல, ஆளைத் தேடுவது. குடும்பம் எல்லா இடமும் பார்த்துவிட்டதாகச் சொன்னாலும் மறுபடி பார்க்க வேண்டும். பரண், அலமாரி, கட்டிலடி, தண்ணீர்த் தொட்டி, கிணறு, மாடிப்படி அறை, பூட்டிய கதவு ஒவ்வொன்றும். சிறு குழந்தைகள் விளையாட்டாக ஒளிந்து அப்படியே தூங்கிவிடுவார்கள். முதியவர்கள் விழுந்து கிடப்பார்கள்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 மே மாதத்தின் நொய்டாவைவிடக் கசப்பான சான்று இல்லை. ஓர் அடுக்குமாடி வீட்டில் பதின்மூன்று வயதுச் சிறுமி கொலையுண்டு கிடந்தாள். வீட்டுப் பணியாளரைக் காணவில்லை. அவர்தான் கொன்றுவிட்டு ஓடினார் என்று போலீஸ் முடிவுகட்டித் தேடத் தொடங்கியது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது, அங்கே இரத்தக் கறையும் இருந்தது. அன்று அந்தப் பூட்டு உடைக்கப்படவில்லை. மறுநாள் உடைத்தபோது பணியாளரின் உடல் மாடியிலேயே கிடந்தது. காணாமற்போனவர் என்றும் குற்றவாளி என்றும் தேடப்பட்ட மனிதர் அதே வீட்டின் கூரைமேல் ஒரு நாள் முழுவதும் பிணமாகக் கிடந்திருக்கிறார். இதற்கிடையே உறவினர், அக்கம்பக்கத்தார், ஊடகத்தார் என்று பலர் அந்த வீட்டுக்குள் நடந்துவிட்டார்கள். சிறுமியின் பெற்றோரை 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்த இரண்டு சாவுகளுக்கும் இன்றுவரை விடை இல்லை.

வீட்டை நிறுத்திவைப்பது

ஆள் வீட்டில் இல்லை என்று உறுதியானதும் அடுத்த வேலை, வீட்டை இருந்தபடியே நிறுத்திவைப்பது. காணாமற்போனவர் பயன்படுத்திய அறையையும் குளியலறையையும் பூட்டி, ஒரே ஒரு வழியாக மட்டும் நுழைந்து, யார் எப்போது உள்ளே போனார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். துவைக்கக் கூடாது, கூட்டக் கூடாது, குப்பையை வெளியே கொட்டக் கூடாது. அதன் பிறகு புகைப்படம்: முதலில் அறை முழுவதும், பிறகு பகுதி பகுதியாக, கடைசியில் அளவுகோல் வைத்து மிக அருகில். எந்தப் பொருளையும் தொடுமுன் இது முடிந்திருக்க வேண்டும்.

இந்தியாவின் பலம் இங்கே காகிதத்தில் இருக்கிறது. சம்பவ இடத்துக்குப் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாராகும். சோதனையின்போது அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் ஒட்டு உறவில்லாத இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் கையெழுத்திடுவார்கள். எடுத்த பொருள்களின் பட்டியலில் ஒரு நகல் வீட்டுக்காரருக்குத் தரப்பட வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு ஒரு படி மேலே போகிறது: சோதனையும் கைப்பற்றலும் ஒலி–ஒளிப் பதிவாக வேண்டும், கைபேசியிலேயே எடுக்கலாம், பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். பின்னாளில் சாட்சி பிறழ்ந்தாலும் பதிவு பிறழாது.

இலங்கையில் எடை விழுவது அதிகாரியின் குறிப்பில். அவர் அந்த இடத்திலேயே நேரம் போட்டு எழுதிய அவதானக் குறிப்பும், வரைபடமும், நிலையத்தில் சான்றுப்பொருள் ஒப்படைத்த பதிவும் வழக்கின் முதுகெலும்பு. நல்ல அதிகாரி கையில் அது கூர்மையான கருவி. எதிர்த் தரப்பு சட்டத்தரணி அந்தக் குறிப்பின் ஒவ்வொரு வரியையும் குறுக்கு விசாரணை செய்வார். ஆனால் அந்தக் குறிப்பு எழுதப்பட்ட நேரத்தில் வீட்டார் கையில் பெரும்பாலும் எந்தத் தாளும் வந்து சேர்ந்திருக்காது. இந்தியச் சட்டம் வீட்டுக்காரருக்குத் தரும் நகலும், காணொளியும் இலங்கை எடுத்துக்கொள்ள வேண்டியவை.

யார் வருகிறார்கள்

தடயவியல் ஆட்கள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். இலங்கைப் பொலிஸ் பிரிவுகளில் ‘சோகோ’ என்று எல்லோரும் அழைக்கும் குற்றவிட ஆய்வுப் பொலிஸார் இருக்கிறார்கள். கைரேகை, புகைப்படம், தடயப் பொதியிடல் மூன்றும் அவர்களுக்கே பயிற்றப்பட்ட வேலை. மோப்ப நாய்கள் கண்டி அஸ்கிரியவிலுள்ள பொலிஸ் நாய்ப் பிரிவின் பயிற்சியில் வந்தவை. எடுத்தவை நீதிமன்றக் கட்டளையோடு அரச இரசாயன பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். காவலரே தடயவியலும் கற்றிருப்பதால் அழைத்தவுடன் வர முடிகிறது.

இந்தியாவில் நிபுணர்கள் பெரும்பாலும் காவல் நிலையத்துக்கு வெளியே இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் தடய அறிவியல் துறைக்குப் பாரம்பரியம் நீளம். அதன் வேர் 1849இல் சென்னையில் தொடங்கிய வேதிப் பரிசோதகர் அலுவலகம். மாவட்டங்களில் நடமாடும் ஆய்வகங்கள் இருக்கின்றன. புதிய சட்டத்தின் 176(3)ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை தரும் குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே தீர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசம் தந்திருக்கிறது.

இந்தப் பிரிவைக் கவனமாகப் படித்தால் ஓட்டை தெரியும். ‘ஆள் காணவில்லை’ என்பது குற்றம் அல்ல. அதற்குத் தண்டனை ஆண்டும் இல்லை. ஆகவே நிபுணர் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உடல் கிடைத்து, வழக்கு கொலையாக மாறியதும் கட்டாயம் வந்துவிடும். அதற்குள் வீடு பலமுறை கழுவப்பட்டிருக்கும். டெல்லிக் காவல் ஆணையருக்கு எதிரான ஹோரிலால் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம், காணாமற்போனவரின் காகிதங்களிலும் உடைமைகளிலும் கிடைக்கும் துப்புகளை உடனே ஆராய வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தது. அந்த அறிவுரை அப்போதே புரிந்துகொண்டதைப் புதிய சட்டம் எழுத மறந்துவிட்டது.

எதை எடுக்க வேண்டும்

தேர்ந்த விசாரணை அதிகாரி இரண்டு பட்டியல் போடுவார். எது போயிருக்கிறது, எது இருக்கிறது. கடவுச்சீட்டு, ஆதார் அல்லது தேசிய அடையாள அட்டை, வங்கி அட்டை, நல்ல செருப்பு, மூக்குக்கண்ணாடி ஆகியவை போயிருந்தால் ஒரு கதை. எல்லாம் வீட்டில் இருக்க ஆள் மட்டும் இல்லை என்றால் வேறு கதை. தினசரி போட வேண்டிய நீரிழிவு மருந்தோ வலிப்பு மருந்தோ இருந்தால் தேடலின் அவசரம் மணிக்கணக்கில் கூடுகிறது. கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியை அன்றே எடுக்க வேண்டும். பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டு, சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்துவிடும்.

மரபணுவுக்குப் பல்துலக்கி, சீப்பு, சவரக்கத்தி. அவர் மட்டுமே பயன்படுத்தியது என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். சீப்பில் சிக்கிய முடியில் வேர் இருந்தால் முழு மரபணு விவரம் கிடைக்கும். வேர் இல்லாத முடியில் பெரும்பாலும் தாய்வழி மரபணு மட்டுமே கிடைக்கும். ஈரத்தை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபட்டால் பூஞ்சை பிடித்து மரபணு சிதையும். மோப்ப நாய்க்கென்று துவைக்காத ஓர் உடுப்பை வேறு யார் கையும் படாமல் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

இரத்தக் கறை சந்தேகம் இருந்தால் லூமினால் தெளித்து இருட்டில் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமும் நீலமாக ஒளிரும். ஆனால் கழிவறை கழுவும் பிளீச்சும் அதேபோல் ஒளிரும். ஆகவே அது ஒரு சைகைதான். மனித இரத்தமா, யாருடையது என்பதை ஆய்வகமே சொல்ல முடியும். இந்த எச்சரிக்கை தெரியாத அதிகாரி ஒரு நிரபராதியின் குளியலறையைக் கொலைக்களமாக எழுதிவிடலாம்.

2022இல் கேரளத்தின் இலந்தூர் இத்தகைய தடயங்களின் மதிப்பைக் காட்டியது. ஜூனில் ஒரு பெண்ணும் செப்டம்பரில் இன்னொரு பெண்ணும் காணாமற்போனார்கள். இரண்டாமவர் தர்மபுரியைச் சேர்ந்தவர். கொச்சியில் லாட்டரி விற்றுப் பிழைத்தவர். அவருடைய கைபேசி விவரமும் கேமராக் காட்சிகளும் காவலரை இலந்தூரில் ஒரு வீட்டு வளவுக்குக் கொண்டுசென்றன. அந்த விசாரணையில்தான் முதல் பெண்ணின் கதியும் தெரிந்தது. பிறகு சடலம் மோப்பம் பிடிக்கப் பழக்கிய மாயா, மர்ஃபி என்ற நாய்களைக் கேரளக் காவல் துறை அந்த வளவில் இறக்கியது. உடல்கள் துண்டாக்கப்பட்டிருந்ததால் யாருடையவை என்று மரபணுவே சொன்னது. முதல் பெண் காணாமற்போனபோதே இந்த அக்கறை காட்டப்பட்டிருந்தால் இரண்டாமவர் உயிரோடு இருந்திருக்கக்கூடும்.

வாக்குமூலத்தின் மயக்கம்

வீட்டிலுள்ள தடயத்தை விட்டுவிட்டு வாயிலிருந்து வரும் சொல்லைத் துரத்துவது இரு நாட்டு விசாரணையின் பழைய நோய். 2015 செப்டம்பரில் இலங்கையின் கொட்டதெனியாவவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இரவில் வீட்டிலிருந்து காணாமற்போய்ப் பின்னர் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டாள். பொலிஸார் ஒரு பள்ளி மாணவனையும் இன்னொரு ஆணையும் பிடித்தார்கள். மரபணு அவர்களை விடுவித்தது. பிறகு பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே அறிவிக்கப்பட்டது. மரபணு அவருடையதாகவும் இல்லை. ஆனால் நெருங்கிய இரத்த உறவைச் சுட்டியது. அந்த வழியில்தான் அவருடைய சகோதரர் சிக்கி 2016இல் தண்டிக்கப்பட்டார். வாக்குமூலத்தை நம்பி நின்றிருந்தால் தவறான மனிதன் தூக்குத் தண்டனைக் கைதியாகியிருப்பான்.

இந்தியாவின் நிதாரி அதன் எதிர்ப்பக்கம். 2006 டிசம்பர் இறுதியில் நொய்டாவின் ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையிலும் காலி இடத்திலும் குழந்தைகளின் எலும்புகள் வெளிவந்தன. அதற்கு முன் பல மாதங்களாக அந்தக் குடிசைப் பகுதியின் பெற்றோர் பிள்ளைகளைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஏழைகளின் சொல் எடுபடவில்லை. கண்டெடுத்த பிறகும் வழக்கு வாக்குமூலத்தின் மேலேயே கட்டப்பட்டது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடைசி வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. தோண்டத் தொடங்குமுன் இடம் பாதுகாக்கப்படவில்லை, வாக்குமூலம் அப்போதே பதிவாகவில்லை என்பவை நீதிமன்றம் சுட்டிய குறைகளில் அடங்கும். இத்தனை குழந்தைகளின் சாவுக்கு இன்று சட்டத்தின் கண்ணில் குற்றவாளி எவரும் இல்லை.

வீட்டுக்கு வந்தவர்களே கொண்டுபோனால்

இலங்கையை ஒப்பிடும்போது ஒன்றை மறைக்க முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்திலும், தெற்கின் கிளர்ச்சிக் காலங்களிலும், பல வீடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனவர்கள் சீருடையில் வந்தார்கள், அல்லது இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வானில் வந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் கதவுக் கைப்பிடியின் கைரேகையை எடுக்க யாரை அழைப்பது? ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று காணாமலாக்கப்பட்டபோது முறைப்பாட்டை ஏற்கவைப்பதற்கே போராட வேண்டியிருந்தது என்பதை அவருடைய மனைவி சந்தியா ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்.

இந்த வீடுகளில் தடயக் காப்பாளர்கள் தாய்மாரே. பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதி, பள்ளிச் சான்றிதழ், கடைசியாகப் போட்ட சட்டையோடு எடுத்த படம், முறைப்பாட்டுத் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவும் செஞ்சிலுவைச் சங்கமும் தந்த கடிதம் அனைத்தையும் இடப்பெயர்வுகளுக்கு நடுவே பாதுகாத்திருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டப் பந்தல்களில் அந்தக் கோப்புகளை நாடே பார்த்தது. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த மனிதப் புதைகுழி அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. ஆகஸ்டில் உடைகளும் பாடசாலைப் பையும் பொம்மையும் மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. மண்ணிலிருந்து வரும் பொருளை ஒரு பெயரோடு சேர்ப்பது வீட்டில் காக்கப்பட்ட நினைவும், படமும், இரத்த உறவின் மரபணுவும்தான்.

இதற்கென ஓர் அமைப்பைச் சட்டத்தால் உருவாக்கியது இலங்கை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகம் தடுப்பிடங்களைப் பார்வையிடலாம், புதைகுழி அகழ்வுக்கு நீதவானிடம் கட்டளை கோரலாம். அதன் செயல்பாட்டில் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பலருக்கு நம்பிக்கை இல்லை. அந்த அவநம்பிக்கைக்கு நியாயம் உண்டு. ஆனாலும் தேடுவதையே வேலையாகக் கொண்ட தனி அலுவலகம் என்ற எண்ணம் சரியானது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. காணாமற்போனோருக்கான மரபணுத் தொகுப்பை உருவாக்கும் பிரிவு கொண்டிருந்த மரபணுத் தொழில்நுட்ப மசோதாவையும் ஒன்றிய அரசு 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டது.

ஒரே விதி, எல்லா வீட்டுக்கும்

வீட்டைச் சோதிக்கத் தயங்கும் அதிகாரிகள் ஒரு நியாயம் சொல்வார்கள்: பிள்ளையைப் பறிகொடுத்துத் தவிக்கும் குடும்பத்தைக் குற்றவாளி போல நடத்தலாமா? கேள்வியில் மனிதத்தன்மை இருக்கிறது. ஆனால் சந்தேகம் வந்த வீட்டை மட்டும் சோதிப்பதுதான் அவமானம். எல்லா வீட்டிலும் முதல் நாளே செய்யும் வழக்கமாகிவிட்டால், கதவைத் தட்டும் காவலர் “இது எல்லா வீட்டிலும் செய்யறதுதான்மா” என்று சொல்ல முடியும். அது உண்மையாகவும் இருக்கும். புகார் கொடுத்தவரே குற்றம் செய்தவராக இருக்கும் வீடுகளும் உண்டு. மருமகள் ‘கோபித்துக்கொண்டு போய்விட்டாள்’ என்று மாமியார் வீடு சொல்லும் வழக்குகளைக் காவல் துறை அறியும். ஒரே விதி நிரபராதிக் குடும்பத்தின் மானத்தையும் காக்கும், மறைக்க நினைப்பவரின் அவகாசத்தையும் பறிக்கும்.

ஆகவே இரு நாட்டுக் காவல் நிலையங்களுக்கும் வேண்டியது ஓர் ஆணை. காணவில்லை என்ற புகார் பதிவான அன்றே பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு முழுவதும் ஆளைத் தேடி, அறையைக் காணொளியில் பதிந்து, மரபணு மாதிரிக்கான பொருளை உறையிலிட்டு, பட்டியலின் நகலைக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். இந்தியா இதற்கு இலங்கையிடமிருந்து பொலிஸ் பிரிவிலேயே இருக்கும் சோகோ ஆளையும், கோப்பைத் தொடக்கத்திலேயே பார்க்கும் நீதவானையும் எடுத்துக்கொள்ளலாம். இலங்கை இந்தியாவிடமிருந்து காணொளிப் பதிவையும், சாட்சிக் கையெழுத்தையும், வீட்டாருக்கான நகலையும், குழந்தை காணாமற்போனால் குற்றமென்றே கொள்ளும் விதியையும் எடுத்துக்கொள்ளலாம். காவல் துறையே சந்தேகத்துக்குரியதாக இருக்கும் வழக்குகளில், அந்த வீட்டுக்கு வருபவர்கள் அதற்கு வெளியே இருக்கும் அமைப்பைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

ஆணை வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. காணவில்லை என்று தெரிந்த அன்றே அந்த அறையைப் பூட்டிவிடுங்கள். படுக்கையையும் குப்பையையும் தொடாதீர்கள். உங்கள் கைபேசியிலேயே வீட்டைப் படமெடுங்கள். பல்துலக்கியையும் சீப்பையும் காகித உறையில் வையுங்கள். புகாருக்கு இலக்கத்தோடு ரசீது கேளுங்கள். காணாமற்போனவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தால் பூட்டைத் திறந்துவிடலாம், அதில் யாருக்கும் நட்டமில்லை. அவர் வராமற்போனால், அந்த முதல் நாளில் காத்துவைத்தவை மட்டுமே அவருக்காக நீதிமன்றத்தில் பேசும்.